பக்கவாதத்துக்குப் பின் மூளை அழற்சி: எதை அடக்குவது, எதை விட்டுவைப்பது

கேள்வி இதுதான்: பக்கவாதம் வந்தவருக்கு மூளையில் அழற்சி இருக்கிறது என்கிறார்கள். அதைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுக்கலாமா, மஞ்சள் கேப்ஸ்யூலும் மீன் எண்ணெயும் பலன் தருமா, வேறு வழி உண்டா?

பக்கவாதத்துக்குப் பிந்தைய மூளை அழற்சியை நேரடியாக அடக்குவதற்கென்று உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து இன்றுவரை கிடையாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அந்த அழற்சிக்குத் தீனி போடுகிற விஷயங்கள் சில உண்டு: காய்ச்சல், எகிறிய சர்க்கரை, புரையேறி வரும் நிமோனியா, ஆக்சிஜன் குறைவு. இவற்றை ஒவ்வொன்றாகத் தடுக்க முடியும். நிரூபிக்கப்பட்ட பலன் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. எந்த நாளில் எதைச் செய்வது என்பதும் முக்கியம், ஏனென்றால் முதல் நாள் அழற்சியும் பத்தாம் நாள் அழற்சியும் ஒன்றல்ல.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டதும், மையப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் சில நிமிடங்களிலேயே சாகத் தொடங்கும். பெரிய குழாய் அடைபட்டுச் சிகிச்சை இல்லாமல் கிடந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். உடைந்த அணுக்களிலிருந்து ஏடிபி (அணுவின் ஆற்றல் மூலக்கூறு) போன்ற பொருள்கள் வெளியே கொட்டும். அணுவுக்குள்ளேயே இருக்க வேண்டியவை வெளியே கிடந்தால் மூளையின் காவல் அணுக்களான மைக்ரோக்ளியாவுக்கு அதுவே அபாய மணி. அவை இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் போன்ற அழற்சியைத் தூண்டும் வேதிப் பொருள்களைச் சுரக்கும். சில மணி நேரத்தில் ரத்தக்குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெற்று, ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களைப் பிடித்து உள்ளே விடும். முதல் மூன்று நாள்களில் இவற்றின் வரவு உச்சத்தில் இருக்கும். இவை விடும் எம்எம்பி-9 என்ற நொதி, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பை அரித்துவிடும். தடுப்பு ஓட்டையானால் நீர் கசிந்து மூளை வீங்கும். சிலருக்கு ரத்தமே கசியும்.

ரத்தக்கசிவால் வரும் பக்கவாதத்தில் தொடக்கம் வேறு. அங்கே தேங்கிய ரத்தம் சிதையும்போது வெளிவரும் ஹீமோகுளோபினும் இரும்பும் சுற்றியுள்ள திசுவை நாள்கணக்கில் பாதித்துக்கொண்டே இருக்கும். அதனால் கசிவைச் சுற்றியுள்ள வீக்கம் முதல் இரண்டு மூன்று நாள்களில் வேகமாகவும், பிறகு மெதுவாக இரண்டு வாரம் வரையும்கூடக் கூடலாம். அடைப்பு வகையில் வீக்கம் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சம் தொட்டு இறங்கும்.

முதல் வாரத்துக்குப் பிறகு காட்சி மாறுகிறது. மூன்றாம் நாள் வாக்கில் வந்து சேரும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் செத்த திசுவை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்யும். புதிய ரத்தக்குழாய்களும் நரம்பு இணைப்புகளும் வளரத் தேவையான காரணிகளையும் அவை சுரக்கும். முன்பு தடுப்பை அரித்த அதே எம்எம்பி-9 இப்போது திசுவைச் சீரமைக்கும் வேலையில் பங்கெடுக்கிறது. ஏழாம் நாளில் அதைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை தேறுவது மோசமானது. ‘அழற்சி என்றாலே கெடுதல், முழுக்க அணைத்துவிட வேண்டும்’ என்று நினைத்துத் தயாரித்த மருந்துகள் பல தோற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

தோல்விகளின் பட்டியல் நீளம். வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கும் என்லிமோமாப் என்ற எதிர்ப்புரதத்தைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மோசமாகப் போனார்கள். அந்த முடிவு 2001இல் வெளிவந்தது. அந்த மருந்து எலியிலிருந்து எடுத்த புரதம் என்பதால் அதுவே காய்ச்சலையும் கிளப்பியது. வெள்ளையணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் நடாலிசுமாப் இரண்டு ஆய்வுகளில் பலன் காட்டவில்லை. இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் அனாகின்ரா, ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளை அழகாக இறக்கியது. ஆனால் நோயாளிகள் நடப்பதிலும் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்வதிலும் வித்தியாசம் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் இறங்குவதற்கும் மூளை தேறுவதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது.

ஸ்டீராய்டு விஷயத்துக்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வீட்டார் அதிகம் கேட்பது இதைத்தான். மூளைக் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் நன்றாக வேலை செய்கிறது, அதனால் பக்கவாத வீக்கத்துக்கும் உதவும் என்று தோன்றுவது இயல்பு. உதவாது. பக்கவாதத்தில் அணுக்களே ஆற்றல் இல்லாமல் நீரை உறிஞ்சி ஊதிப்போவது பெரும் பங்கு. ஸ்டீராய்டு அதைத் தொடுவதில்லை. மூளை ரத்தக்கசிவில் டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்து 1987இல் வெளியான ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்: உயிர் காக்கவில்லை, தொற்றும் சர்க்கரைச் சிக்கலும் கூடின.

அதற்கு மேல் ஒரு சங்கடம் உண்டு. பக்கவாதம் வந்த சில மணி நேரத்திலேயே உடலின் நோயெதிர்ப்பு சக்தி இறங்கிவிடுகிறது. அடிபட்ட மூளையிலிருந்து போகும் நரம்புச் சைகைகளும் கார்டிசோல் சுரப்பும் சேர்ந்து ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். மூளைக்குள் அழற்சி கொழுந்துவிட, நுரையீரலும் சிறுநீர்ப்பையும் காவல் இல்லாமல் கிடக்கும். இந்த நேரத்தில் ஸ்டீராய்டைக் கொட்டினால் நிமோனியாவுக்குக் கதவைத் திறந்துவிட்டது போலத்தான். குழாய் வழியாக ரத்தக்கட்டியை எடுக்கும் நோயாளிகளுக்குக் குறுகிய காலம் மீத்தைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்த மார்வெல் ஆய்வு 2024இல் வந்தது. இறப்பு சற்றுக் குறைந்தது, ஆனால் முக்கிய அளவுகோலான 90ஆம் நாள் செயல்திறனில் தெளிவான வித்தியாசம் இல்லை. வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை. ரத்தக்குழாயே அழற்சியால் பாதிக்கப்பட்டு அதனால் பக்கவாதம் வந்திருந்தால் கதை வேறு: அங்கே ஸ்டீராய்டுதான் அடிப்படை நோய்க்கு மருந்து. ஒருவருக்குக் கொடுத்ததைப் பார்த்து இன்னொருவருக்குக் கேட்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இனி, வேலை செய்கிறவை.

மிகப் பெரிய அழற்சி எதிர்ப்புச் சிகிச்சை, அடைப்பைத் திறப்பதுதான். சாகும் திசுவின் அளவு குறைந்தால் பின்னால் வரும் அழற்சியும் குறையும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆல்டிப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90; டெனெக்டிப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், அதிகபட்சம் 25. பெரிய குழாய் அடைப்பில், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய திசு தெரிந்தால், 24 மணி நேரம் வரைகூடக் கட்டியை உறிஞ்சி எடுக்கலாம். தூங்கி எழும்போது அறிகுறியோடு எழுந்தவருக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அந்த நேரத்தை வீட்டில் யாராவது துல்லியமாகச் சொல்ல முடிந்தால் அதுவே பாதி உதவி.

அடுத்த மூன்று நாள் நர்ஸ்களின் கையில் இருக்கிறது, மிகையில்லாமல் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் புது மருந்து எதுவும் இல்லை. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் முதல் 72 மணி நேரம் நர்ஸ்கள் எழுதிவைத்த முறைப்படி கவனித்தார்கள், அவ்வளவுதான். 90ஆம் நாளில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து 42 சதவீதம். வழக்கமான கவனிப்புப் பிரிவில் 58 சதவீதம். அழற்சிக்கென்று தயாரான எந்த மருந்தும் இந்த அளவு வித்தியாசத்தைக் காட்டியதில்லை.

காய்ச்சல்: நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பார்க்க வேண்டும். 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட் தொட்டாலே பாராசிட்டமால். ‘லேசான சூடுதானே’ என்று விடுகிற அளவுதான் அது, ஆனால் பாதிக்கப்பட்ட மூளைக்கு அது லேசில்லை. சூடு கூடக் கூட அணுக்களின் ஆற்றல் தேவையும் கூடுகிறது, தடுப்பும் இன்னும் கசிகிறது. பெரியவர்களுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டாமல். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மிக மெலிந்தவர்களுக்கும் இதைவிடக் குறைவாகத்தான். மருந்து கொடுத்ததோடு நிற்காமல் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்: நெஞ்சு, சிறுநீர், ஊசி குத்திய இடம், வீங்கிய கால். காய்ச்சல் வராத நிலையிலேயே கருவி வைத்து உடலை 37 டிகிரியில் பிடித்துவைத்தால் இன்னும் நல்லதா என்று 2024இல் வெளியான இன்ட்ரெபிட் ஆய்வு பார்த்தது. காய்ச்சல் குறைந்தது, தேறுவதில் மாற்றமில்லை. ஆக, கருவி தேவையில்லை, இடைவிடாத கண்காணிப்பே போதும்.

சர்க்கரை 140 முதல் 180 மில்லிகிராமுக்குள் நின்றால் சரி. 2019இல் வந்த ஷைன் ஆய்வில் இன்சுலினை இறுக்கிப் பிடித்து 80க்கும் 130க்கும் நடுவே வைத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை, தாழ்சர்க்கரை மட்டும் அதிகமானது. 60க்குக் கீழே இறங்கினால் உடனே ஏற்ற வேண்டும், அதுவும் மூளையைக் கொல்லும்.

விழுங்கும் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், தவறு அதிகம் நடக்கும் இடம் இது. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ‘வாய் உலர்ந்துபோச்சு’ என்று வீட்டார் ஒரு வாய் தண்ணீரோ மாத்திரையோ கொடுத்துவிடுகிறார்கள். சோதனை முடியும்வரை வாய் வழியாக எதுவும் கூடாது, மாத்திரை உட்பட. பயிற்சி பெற்ற நர்ஸோ விழுங்கு சிகிச்சையாளரோ முதலில் ஆள் நன்றாக விழித்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு தேக்கரண்டித் தண்ணீர். தொண்டையின் முன்புறத்தில் குரல்வளை மேலே எழும்புகிறதா என்று கவனித்து, விழுங்கியபின் ‘ஆ’ என்று சொல்லச் சொல்வார்கள். இருமல் வந்தாலோ, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் களகளவென்று மாறினாலோ அங்கேயே நிறுத்தம். தேக்கரண்டிகள் தாண்டிய பிறகுதான் கோப்பை, சுமார் 90 மில்லி, நிறுத்தாமல் குடிக்க வேண்டும். சிலருக்குத் தொண்டையின் உணர்வே போயிருக்கும், தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் வராது. அதனால் ‘இருமவில்லையே’ என்பது மட்டும் போதாது. மறுநாள் சளியும் சூடும் மூச்சு வேகமும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறாதவருக்கு உணவுக்காக மூக்குக் குழாய் போடுவார்கள். குழாய் போட்டால் புரையேறாது என்பது பொய், எச்சிலும் எதுக்களித்து வருவதும் இறங்கலாம். உணவு ஏற்றும்போதும் முடிந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரையும் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயரத்தில் இருக்க வேண்டும். வாயில் சாப்பிடாதவருக்கும் பல் துலக்கி, நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் துடைத்துவிட வேண்டும். பக்கவாதம் வந்த பக்கத்துக் கன்னத்தில் மிச்சம் தங்கும், அதில் வளரும் கிருமிதான் நுரையீரலுக்கு இறங்குகிறது. முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டு நிமோனியாவைத் தடுக்கும் முயற்சிகள் நோயாளி தேறுவதை மேம்படுத்தவில்லை. யூரின் டியூப் தேவை முடிந்த அன்றே எடுக்கப்பட வேண்டும்; ‘இருக்கட்டுமே’ என்று விட்ட ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வாய்ப்பு.

ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் மாஸ்க். பிரஷரைப் பொறுத்தவரை, கட்டி கரைக்கும் ஊசி போடாத அடைப்பு வகையில் 220/120 வரை முதல் ஒன்றிரண்டு நாள் விட்டுவைப்பதுண்டு, அவசரப்பட்டு இறக்கினால் ஓரத்தில் தத்தளிக்கும் திசுவுக்கு ரத்தம் போகாது. ஊசி போட்டவருக்கு 180/105க்குக் கீழே. ரத்தக்கசிவில் மேல் எண் 140 வாக்கில்.

வீக்கமே உயிருக்கு ஆபத்தாகும்போது அழற்சி மருந்தைப் பற்றிப் பேச நேரமில்லை. மூளையின் நடுப் பெருந்தமனி முழுதாக அடைபட்டவர் இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரென்று அதிகம் தூங்க ஆரம்பித்தால், வாந்தி எடுத்தால், ஒரு கண்மணி மட்டும் விரிந்தால் உடனே ஸ்கேன். மூளையிலிருந்து நீரை இழுக்கும் மேனிடாலைக் கிலோவுக்கு 0.25 முதல் 1 கிராம், 20 முதல் 30 நிமிடத்தில் ஏற்றுவார்கள். 20 சதவீத மேனிடால் குளிரில் படிகமாகும், பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, படிகம் தெரிந்தால் சூடுபடுத்திக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, ஃபில்டர் உள்ள செட்டில்தான் போட வேண்டும். ரத்தத்தின் அடர்வு 320ஐத் தாண்டினால் சிறுநீரகம் அடிபடும் என்பதால் அதையும் சோதிப்பார்கள். மூன்று சதவீத உப்புக் கரைசல் இன்னொரு வழி. இவை நேரம் வாங்கித் தருபவை, குணப்படுத்துபவை அல்ல. சர்க்கரை மட்டும் கலந்த குளுக்கோஸ் டிரிப் இந்நேரத்தில் வீக்கத்தைக் கூட்டும். 60 வயதுக்குட்பட்டவருக்கு 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டில் குறைந்தது 12 சென்டிமீட்டர் அளவு எலும்பை எடுத்து மூளைக்கு இடம் விடும் அறுவை, மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஓராண்டு உயிர்வாழ்வை 29 சதவீதத்திலிருந்து 78 ஆக்கியது. பிழைத்தவர்களில் பலருக்கு ஊனம் மிஞ்சும். முடிவெடுக்கும் முன் அதையும் டாக்டர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வீட்டாரும் கேட்க வேண்டும்.

எழுப்பி நடக்க வைப்பதிலும் நேரம் உண்டு. முதல் 24 மணி நேரத்துக்குள் தீவிரமாகத் தொடங்கியவர்கள் 2015இல் வெளியான அவெர்ட் ஆய்வில் மோசமாகவே முடிந்தார்கள். ஒரு நாள் கழித்து, கொஞ்ச நேரம், அடிக்கடி என்பதுதான் இப்போதைய வழக்கம்.

வீட்டுக்கு வந்த பிறகு கேள்வி மாறுகிறது. மைக்ரோக்ளியாவின் விழிப்பு மாதக்கணக்கில் நீடிப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. களைப்பு, மனச்சோர்வு, சிந்தனை மந்தம் ஆகியவற்றோடு அதற்கு எவ்வளவு தொடர்பு என்பது இன்னும் ஆராயப்படுகிறது. இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நுழைகிறது. டிஎன்எஃபைத் தடுக்கும் எடானெர்செப்ட்டை முதுகுத்தண்டுக்கு அருகே ஊசியாகப் போட்டால் பல வருடம் கழித்தும் கை கால் எழும் என்று சில தனியார் கிளினிக்குகள் பெரும் தொகை வாங்குகின்றன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த பெஸ்டோ ஆய்வில் அந்த ஊசிக்கும் மருந்தில்லாப் போலி ஊசிக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. போலி ஊசி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோரும் ‘முன்பைவிடப் பரவாயில்லை’ என்று சொன்னார்கள். இணையத்தில் சுற்றும் வீடியோக்களை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

மஞ்சளின் குர்குமின், சோதனைக் குழாயில் அழற்சியைக் குறைக்கிறது. வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவது சொற்பம். உறிஞ்சுதலைக் கூட்ட மிளகுச் சத்து சேர்த்த கேப்ஸ்யூல்கள் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் மாற்றலாம், கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. சமையலில் சேர்ப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. வார்ஃபரின், க்ளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் கேப்ஸ்யூலை டாக்டருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம். மீன் எண்ணெயை ஒரு நாளைக்கு 4 கிராம் அளவில் கொடுத்த பெரிய ஆய்வுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு கூடியது. அந்தக் கோளாறே பக்கவாதத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ‘அழற்சி நீக்கி’ என்ற பெயரில் வருவதால் மூளைக்கும் நல்லது என்று சிலர் தினமும் போடுகிறார்கள். இது ஆபத்து. பிரஷர் ஏறும், வயிற்றில் ரத்தம் கசியும், ஐபுபுரோஃபென் ஆஸ்பிரின் வேலை செய்யும் இடத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு ஆஸ்பிரினைப் பயனற்றதாக்கும். தோள் வலிக்குப் பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் போதும்.

ஸ்டாட்டின் இதற்கு நேர்மாறு. கொழுப்பைக் குறைப்பதோடு குழாய்ச் சுவரின் அழற்சியையும் தணிக்கிறது. அடோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் மறுபடி பக்கவாதம் வருவதைக் குறைக்கும் என்று 2006இல் ஸ்பார்க்கல் ஆய்வு காட்டியது. அதில் ரத்தக்கசிவு சற்றுக் கூடியதால், கசிவு வகை வந்தவருக்கு யோசித்துத்தான் எழுதுவார்கள். முன்பே ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள்களில் அதை நிறுத்துவது கெடுதல். விழுங்க முடியாவிட்டால் குழாய் வழியாகவாவது தொடரலாமா என்று கேளுங்கள். அழற்சியைத் தணிக்கும் கோல்ச்சிசின் 0.5 மில்லிகிராமைப் பக்கவாதம் மறுபடி வராமல் தடுக்கக் கொடுத்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2024இல் வந்தன, இரண்டிலும் முக்கிய அளவுகோலில் உறுதியான பலன் தெரியவில்லை.

ஹெச்எஸ்-சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை உடலின் அழற்சியைக் காட்டும், மூளையினுடையதை அல்ல. சளி காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால் அர்த்தமில்லை. 10ஐத் தாண்டினால் முதலில் தொற்றைத் தேட வேண்டும்.

குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவரை விட்டுவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தூக்க மூச்சுத் தடை இருக்கிறது. இரவு முழுக்க ஆக்சிஜன் ஏறி இறங்கினால் பிரஷரும் ஏறும், பகலில் பயிற்சி செய்யத் தெம்பும் இருக்காது. தூக்கப் பரிசோதனை செய்து தேவையானால் மூச்சுவழி மூடாதபடி காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி. புகை நிறுத்தம், ஈறு வீக்கத்துக்குப் பல் மருத்துவர், வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி: மூன்றும் உடலில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியைக் குறைக்கும் வழிகள்.

வீட்டில் இருக்கும்போது பேச்சோ கை கால் பலமோ திடீரென்று மறுபடி குறைந்தால், அது பழைய பாதிப்பு காய்ச்சலால் தற்காலிகமாக வெளியே தெரிவதாகவும் இருக்கலாம், புதிய அடைப்பாகவும் இருக்கலாம். சிறுநீர்த் தொற்றில் இப்படி அடிக்கடி நடக்கும். எது என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. சர்க்கரையையும் காய்ச்சலையும் பார்த்துக்கொண்டே, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.